தூண்டில் யாருக்குக் கற்பிக்கப்பட்டது?

ஈத்தூண்டில் பழக வருபவருக்கு முதல் பாடம் பெரும்பாலும் ஆற்றில் நடப்பதில்லை, புல்வெளியில்தான் நடக்கிறது. நூலின் நுனியில் முள் இருக்காது. சிறு கம்பளிக் குஞ்சம் ஒன்று கட்டப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் இந்தக் கலை மற்றத் தூண்டில் முறைகளிலிருந்து எங்கே பிரிகிறது என்பதை அந்தக் குஞ்சமே காட்டிவிடும். வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். அந்தக் கனம் நூலை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழும். இங்கே முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்யீக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். ஆகவே கனம் நூலுக்குக் கொடுக்கப்படுகிறது. கோல் வளைந்து நிமிர்ந்து நூலை வீசுகிறது. நூல் ஈயைச் சுமந்து செல்கிறது.

ஆசிரியர் அடுத்துச் சொல்லிக்கொடுப்பது கடிகாரக் கணக்கு. கோலை முள்ளாகவும் தலைக்கு நேர்மேலே பன்னிரண்டு மணியாகவும் கொண்டால், முன்னே பத்து மணிக்கும் பின்னே இரண்டு மணிக்கும் இடையில்தான் கோல் அசைய வேண்டும். கோலைப் பின்னே கொண்டுபோய் நிறுத்தியதும், நூல் முதுகுக்குப் பின்னால் விரிந்து நீளும்வரை காத்திருக்க வேண்டும். புதியவர் தவறுவது இங்கேதான். அவசரப்பட்டு முன்னே வீசினால் சாட்டை சொடுக்கும் ஒலி கேட்கும். நுனி அறுந்து ஈ எங்கோ பறந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று முதுகுக்குப் பின்னால் முழுமையடையும்வரை பொறுத்திருப்பதே இக்கலையின் அரிச்சுவடி.

இந்த அரிச்சுவடியை ஏட்டில் எழுதிக் கற்பிக்கும் வழக்கம் ஐந்து நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அந்த ஏடுகளை வரிசைப்படுத்திப் படித்தால் மீனைக் காட்டிலும் மனிதரைப் பற்றிய ஒரு கேள்வி எழுகிறது: ஒவ்வொரு நூலும் யாரை மாணவராக எண்ணி எழுதப்பட்டது? யாரை மாணவர் வரிசையிலிருந்து விலக்கியது? இந்திய ஆறுகளின் வரலாற்றில் இந்தக் கேள்விக்குக் கனமான விலை இருந்திருக்கிறது.

1. சோம்பேறிகள் கையில் சேரக்கூடாத நூல்

பொய்யீயைப் பற்றிய பழைய குறிப்புகளுள் புகழ்பெற்றது, கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் எழுதியது. மாசிடோனியாவின் ஆஸ்ட்ரேயஸ் ஆற்றில் ஒருவகைப் பூச்சியை மீன்கள் மேலெழும்பித் தின்கின்றன. அப்பூச்சியைக் கையால் பிடித்து முள்ளில் குத்தினால் நிறம் கெட்டுவிடுகிறது. ஆகவே மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் கழுத்திறகு இரண்டைக் கட்டிப் பூச்சியைப் போலச் செய்கின்றனர் என்கிறார் அவர். அறிவுக்கு உரியவர்கள் ஆற்றங்கரை மீனவர்கள்; ஈலியன் அதைப் பதிந்தவர் மட்டுமே.

ஆங்கிலத்தில் அச்சான முதல் தூண்டில் நூல் 1496இல் விங்கின் டி வேர்டு என்ற அச்சாளரால் வெளியிடப்பட்டது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவியார் இயற்றியதாக மரபு கூறும். அதில் ஆய்வாளருக்கு ஐயம் உண்டு. பன்னிரண்டு வகைப் பொய்யீக்களை அது விளக்குகிறது. ஆனால் தனி நூலாக அது வரவில்லை. வேட்டை, குலமரபுச் சின்னம் முதலியவற்றைப் பேசும் பெரிய நூலொன்றுக்குள் சேர்க்கப்பட்டே வந்தது. காரணத்தை அச்சாளரே மறைக்காமல் சொல்லிவிடுகிறார்: சிறு ஏடாக மலிவு விலைக்கு விற்றால் சோம்பேறிகள் கையில் சேர்ந்து, மீன்வளத்தையே அவர்கள் அழித்துவிடுவார்களாம்! தூண்டில் கற்பிக்கும் நூல், தன் முதற்பதிப்பிலேயே யாருக்குக் கற்பிக்கக்கூடாது என்பதையும் முடிவு செய்துவிட்டது.

1653இல் ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் வந்தது. தூண்டிற்காரர் ஒருவர் வேட்டைக்காரர் ஒருவரை வழியில் சந்தித்துத் தம் மாணவராக்கிக்கொள்ளும் உரையாடல் அது. 1676இல் அதனோடு சேர்ந்த பகுதியில் சார்ல்ஸ் காட்டன் ஈத்தூண்டிலை விரித்துக் கற்பித்தார். அங்கும் மாணவர் ஒரு வழிப்போக்கர். அன்பும் நகைச்சுவையும் கலந்த ஆசிரியர்–மாணவர் உரையாடல்தான் இத்துறை நூல்களின் இலக்கண வடிவமாயிற்று. பேசும் இருவரும் ஓய்வுநேரம் உடையவர்கள். பிடித்த மீன் இல்லாவிட்டாலும் அவர்கள் வீட்டு அடுப்பு எரியும்.

2. பாண்மகனும் மன்னனும்

இந்திய மண்ணில் தூண்டில் அறிவு ஆங்கிலேயரோடு வந்ததன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாண்மகனைக் காட்டுகிறார். இரை வைத்த தோற்பை, நீண்ட மூங்கிற்கோல், அதில் கட்டிய நாண், வளைந்த வாயுடைய இரும்பு முள் ஆகியவை அவன் கருவிகள். வாளைமீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு முள்ளைத் தனியே விட்டுவிடுகிறது. ஒருமுறை தப்பிய அந்த மீன், கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் நடுங்குவதைக் கண்டும் தூண்டிற்கோல் என்று அஞ்சுகிறது. ஈத்தூண்டில் ஆசிரியர் எவரும் இன்று புதியவருக்குத் தவறாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: உன் நிழலும் கோலின் நிழலும் நீரில் விழாமல் நில். புலவர் இதைப் பாடநூலாக எழுதவில்லை. உண்பதற்காக மீன் பிடித்தவனுக்கும் பாடநூல் தேவைப்படவில்லை.

பாடநூல் என்று சொல்லத்தக்கது பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றியதாக வழங்கும் மானசோல்லாசம் என்ற வடமொழிக் கலைக்களஞ்சியத்தில் மத்ஸ்யவினோதம் என்ற பகுதி உண்டு. மீன்களைக் கடலில் வாழ்பவை, ஆற்றில் வாழ்பவை, செதிலுள்ளவை, செதிலற்றவை என வகுத்து, எந்த மீனுக்கு எந்த உணவு, கயிறும் கோலும் முள்ளும் எப்படி அமையவேண்டும் என்பவற்றையெல்லாம் அது சொல்கிறது. விலங்கியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951இல் இதனை ஆராய்ந்து அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தின் முதல் தூண்டில் நூலுக்கு மூன்றரை நூற்றாண்டு முந்தையது இது. ஆனால் அதன் மாணவர் மன்னர். மீன்பிடித்தல் அவருடைய பொழுதுபோக்குகளுள் ஒன்று. மீனுக்குத் தீனியிட்டு வளர்த்தும் படகு செலுத்தியும் கயிறு திரித்தும் அவருக்கு உதவியவர்கள் நூலின் வாசகர்களாக எண்ணப்பட்டவர்கள் அல்லர்.

3. மூங்கிலும் இறகும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈத்தூண்டில் உலகெங்கும் பரவியபோது, அதன் கருவிகள் பலவற்றுக்கு மூலப்பொருள் இந்தியாவிலிருந்தே சென்றது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப்பி போன்ற கைவினைஞர்கள் மூங்கிலை முக்கோணக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கினர். ஆறு கீற்றுகள் சேர்ந்த அறுகோணக் கோல் பின்னாளில் தரமாயிற்று. அவர்கள் கையாண்ட மூங்கிலுக்கு, அது கப்பலேறிய துறைமுகத்தின் பெயரால், கல்கத்தா மூங்கில் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் சீனத்து டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடிக்கும்வரை அதுவே கோலாக வளைந்தது.

இறகும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தீபகற்பத்தின் பிற காடுகளிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில், மெழுகுத்துளி விழுந்ததுபோல் மின்னும் புள்ளிகள் உண்டு. ஸ்காட்லாந்து ஆறுகளின் சால்மன் மீனுக்காகக் கட்டிய அழகிய பொய்யீக்களில் அந்தப் புள்ளியிறகே மீனின் கண்போல அமைந்தது. அந்த வாணிகத்துக்காகக் காட்டுக்கோழிகள் பெருமளவில் கொல்லப்பட்டன. பிறகு இந்திய அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. வீட்டுச் சேவல்களின் கழுத்துத்தோலும் நெடுங்காலம் இந்தியாவிலிருந்தே உலகச் சந்தைக்குச் சென்றது. ஈத்தூண்டில் என்ற சொல்லையே கேட்டிராத ஊர்களின் மூங்கிலும் இறகும், அவ்வூரார் கண்டிராத ஆறுகளின்மேல் வீசப்பட்டுக்கொண்டிருந்தன.

4. மங்களூரில் அச்சான பாடநூல்

சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட தூண்டில் நூல், இந்தியாவுக்கென்றே எழுதப்பட்ட முதல் விரிவான வழிகாட்டிகளுள் ஒன்று. 1881இலும் 1897இலும் மறுபதிப்புகள் வந்தன. குளத்து மீனுக்கென்று 1887இல் தனிநூலும் எழுதினார். தென்கன்னட மாவட்டத்தில் பணியாற்றியபோது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளை அறிந்தவர் அவர்.

தாமஸின் நூல் நல்ல ஆசிரியரின் நூல். ஸ்காட்லாந்தின் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தோற்பாய் என்று தொடக்கக்காரருக்கு அது உணர்த்துகிறது. மாசீர் என்ற பெருங்கெண்டையின் தாடையில் பல் இல்லை, தொண்டைக்குள்தான் பல். ஆனால் அதன் வாய் நசுக்கும் வலிமை ஐரோப்பிய முட்களைத் தட்டையாக்கிவிடும். ஆகவே முள்ளும் நூலும் வேறாக இருக்கவேண்டும். மீனின் உணவு, இடப்பெயர்ச்சி, இனப்பெருக்கம் ஆகியவற்றை அறியாமல் தூண்டில் பழகமுடியாது என்பது அவர் கொள்கை.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? அக்காலத்து ஆங்கில நூல்களில் உள்ளூர் மீனவர் பெயர் காண்பது அரிது. ஆனால் மொழி அவர்களை முழுவதும் மறைக்கவில்லை. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில், உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையே இலத்தீன் இனப்பெயர்களாக்கினார். ரோகிதா, கட்லா, கல்பாசு, புட்டிடோரா, டோர் யாவும் அப்படி வந்தவை. பொன்மாசீரின் அறிவியல் பெயரான டோர் புட்டிடோராவில் இரு சொற்களுமே ஆற்றங்கரைச் சொற்கள். பிரான்சிஸ் டே 1875–78இல் வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளின் மீன்பெயர்கள் இனந்தோறும் பதிவாகியுள்ளன. பெயர் சொன்னவரின் பெயர் இல்லை. அவர் சொன்ன பெயர் இருக்கிறது. ஆசிரியர் வருகைப்பதிவேடு காணாமல்போன பள்ளியில் மாணவரின் குறிப்பேடு மட்டும் எஞ்சியதுபோன்ற நிலை இது.

எதிர்த்திசைப் பெயர்சூட்டலும் நடந்தது. தூண்டிற்கார அதிகாரிகள் மாசீரை இந்தியச் சால்மன் என்றனர். பாரிலியஸ் இனச் சிறுமீன்களை மலை டிரௌட் என்றனர். இமயத்தின் குளிர்நீர்க் கெண்டையினத்தைப் பனி டிரௌட் என்றனர். இவற்றில் ஒன்றுகூட சால்மனோ டிரௌட்டோ அன்று. ஊர் நினைவு மீன்பெயராக மாறியது. பிறகு அந்தப் பெயருக்கேற்ற மெய்யான மீனே வேண்டும் என்ற ஆசையும் பிறந்தது.

5. பாடநூலுக்கேற்ற ஆறு

டிரௌட்டை நீலகிரியில் விட 1860களிலேயே டே முயன்று தோற்றார். மாகாண மீன்வள நிபுணர் எச். சி. வில்சன் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைந்தபின் வானவில் டிரௌட் அங்கே நிலைத்தது. காசுமீரத்தில் சீனகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய ஃபிராங்க் மிட்செல் இதில் முன்னோடி. 1899இல் பெட்ஃபர்ட் கோமகன் அளித்த முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இன் இறுதியில் வந்த இரண்டாம் தொகுதி பிழைத்தது. ஹர்வானில் வளர்க்கப்பட்ட மீன்கள் பள்ளத்தாக்கின் ஓடைகளில் பரவின. 1909இல் ஹோவெல் என்ற அதிகாரியின் முயற்சியால் குலுவின் மஹிலியிலும் பொரிப்பகம் எழுந்தது. பாடநூல் எந்த மீனை எண்ணி எழுதப்பட்டதோ அந்த மீன் ஆற்றுக்கு வந்துவிட்டது.

ஆற்றோடு சட்டமும் வந்தது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் அமைந்தது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1897இன் இந்திய மீன்வளச் சட்டம் வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதைக் குற்றமாக்கியது. இவற்றில் நன்மை இல்லை என்று சொல்லமுடியாது. வெடிகுண்டு ஒன்று விழுந்தால் குஞ்சுகூட மிஞ்சாது. டேயும் தாமஸும் எழுப்பிய எச்சரிக்கை உண்மையானது. அணைக்கட்டுகள் மீனின் வலசையைத் தடுப்பதையும் டே பதிந்திருக்கிறார். ஆனால் சட்டத்தின் சொற்களில் வேறுபாடு நுட்பமானது. கோடையில் வற்றிய மடுவில் செடிச்சாறு கலந்து ஊர்கூடி மீன் எடுக்கும் பழங்குடி வழக்கமும், சாலை போட வந்த வெடிமருந்தைத் திருடி ஆற்றில் எறிவதும் ஒரே குற்றமாயின. உரிமச்சீட்டு வாங்கிப் பொய்யீ வீசுபவர் விளையாட்டு வீரர். தன் ஓடையில் உணவுக்காக வலைபோடுபவர் திருடர். 1496இன் அச்சாளர் சோம்பேறி என்ற ஒரு சொல்லால் செய்ததை, நான்கு நூற்றாண்டு கழித்துச் சட்டப்பிரிவுகள் செய்தன.

வந்த விருந்தாளிக்கும் ஒரு விலை இருந்தது. பழுப்பு டிரௌட்டும் வானவில் டிரௌட்டும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தொகுத்த, உலகின் மிகக் கேடான நூறு அயல்உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. இமய ஓடைகளில் பனி டிரௌட் எனப்பட்ட சொந்த மீன்கள் அவற்றோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட வேண்டியதாயிற்று. அரவணைக்கப்படாத பூர்வீக மீன்களின் நிலையோ இன்னும் கொடிது. காவிரியின் திமில்மாசீர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தூண்டிற்காரர் நூல்களில் புகழப்பட்டது. அது எந்த இனம் என்று அறிவியல் உலகம் உறுதிசெய்தது 2018இல்தான். அதே ஆண்டிலேயே அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. படம் எடுத்து மாட்டியவர்கள் பலர்; பெயர் கேட்டவர்கள் சிலர்.

6. இன்றைய ஆசிரியர்

காசுமீரத்தில் தூண்டிற்காரருக்கு வழிகாட்டுபவரை இன்றும் கில்லி என்பார்கள். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பையன், ஏவலாள் என்ற பொருளுடைய சொல் அது. மீனோடு கப்பலேறி வந்து இமயத்தில் தங்கிவிட்டது. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. கரையில் நின்று கோலைச் சுமந்தவர், இன்று டெல்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் புதியவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பத்து மணி, இரண்டு மணி என்று சொல்லிக்கொடுக்கிறார். இமாசலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கிலும் உள்ளூர் இளைஞர்கள் இப்பணியைச் செய்கின்றனர்.

அவர்கள் கற்பிக்கும் வரிசை நூல்களின் வரிசையை ஒத்ததுதான், ஆனால் அதில் ஆறு முன்னே வருகிறது. டிரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆகவே கீழிருந்து, அதன் வாலுக்குப் பின்னாலிருந்து நெருங்க வேண்டும். பாறையின் முன்னும் பின்னும் வேகம் குறையும் நீரில் அது நிற்கும். இரை மட்டும் பக்கத்து ஓட்டத்தில் மிதந்துவரும். வீசியபின் நடுவேகம் நூலை இழுத்தால் ஈ இயல்பு கெட்டு இழுபட்டுப் போகும், மீன் தொடாது. அப்போது நூலை மட்டும் மெல்லத் தூக்கி ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாகப் போடவேண்டும். கற்களைப் புரட்டி அடியில் ஒட்டிய புழுக்களைப் பார்த்த பிறகே பெட்டியிலிருந்து ஈயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துக்கொண்டே தொடவேண்டும். உலர்ந்த கை அதன் வழவழப்பான மேற்பூச்சைக் கெடுத்துவிடும்.

தூண்டில் என்ற சொல்லைத் தூண்டு என்னும் வினையோடு சேர்த்தே தமிழ் எண்ணுகிறது. விளக்கைத் தூண்டுவதும் மாட்டைத் தூண்டுவதும் மீனைத் தூண்டுவதும் ஒரே சொற்குடும்பம். எதைத் தூண்டவேண்டுமோ அதை அறியாமல் தூண்டமுடியாது. மன்னருக்கும் கனவானுக்கும் அதிகாரிக்கும் நூல் எழுதியவர்கள் இதை அறிந்தே எழுதினர். அவ்வறிவைத் தந்தவர்களை மட்டும் பள்ளிக்கு வெளியே நிறுத்தினர். நிழலைக் கண்டு வாளை அஞ்சும் என்பது பாண்மகனின் கரையில் பிறந்த அறிவு. ஓடையின் எந்த மடுவில் மீன் நிற்கும் என்பதை ஹர்வானின் கரையார் எந்த நூலும் படிக்காமல் அறிவர்.

புல்வெளியில் கோலைப் பின்னே நிறுத்தி நூல் விரியக் காத்திருக்கும் புதியவருக்குச் சொல்லத்தக்கது இதுவே: முதுகுக்குப் பின்னால் நீண்டிருப்பது நூல் மட்டுமன்று. மூங்கில் வெட்டியவர், இறகுக்கு உயிர்கொடுத்த காட்டுக்கோழி, மீனின் பெயரைச் சொல்லிவிட்டுப் பெயரின்றிப் போனவர், தன் ஆற்றிலேயே திருடர் எனப்பட்டவர் யாவரும் அந்த நீளத்தில் இருக்கிறார்கள். அது முழுதும் விரிந்த பிறகே முன்னே வீசவேண்டும்.